பழைய குடும்பப் படத்தில் இருப்பவர்கள் யார்? முகத்திலிருந்து தொடங்காதீர்கள்

எங்கள் ஊர் வீட்டு முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று தொங்கும். ஒன்பது பேர். நடுவில் கோட்டும் தலைப்பாகையுமாகப் பூட்டன், பக்கத்து நாற்காலியில் பூட்டி, அவர் மடியில் சடைவில்லையும் கொலுசுமாக ஒரு குழந்தை. "அது உங்க அய்யாதான். சின்னதுல பொம்பளப் பிள்ளை மாதிரி சோடிச்சு எடுத்தது" என்று அப்பத்தா சொல்வார். எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை அய்யா என்போம். முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குச் சடை பின்னிப் பூ வைத்துப் படம் எடுப்பது பல வீடுகளில் இருந்த பழக்கம். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் குழந்தையைக் காட்டி "அய்யா, அய்யா" என்று சொல்லியே மூன்று தலைமுறை வளர்ந்தது.

அது அய்யா இல்லை. அதைக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வம்சாவளி எழுத உட்காரும் பலரும் படத்தை எடுத்ததும் முகத்தைப் பார்த்து, "மூக்கு நம்ம பெரியப்பா மாதிரியே இருக்கு" என்று ஆரம்பிக்கிறார்கள். முகம் கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் காலம், அப்புறம் வயது, அப்புறம் சாட்சி, அப்புறம் ஆவணம். இந்த நான்கும் ஒரு பெயரைச் சொன்ன பிறகு முகம் அதை ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 1: தொடும் முன் நகல் எடுங்கள்

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். தீப்பெட்டி அளவுப் படம் என்றால் 1200 வைக்கலாம். ஒரு பிரதியைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு வடிவில் அப்படியே வைத்துவிட்டு, வெளிச்சம் கூட்டுவது, கீறல் நீக்குவது எல்லாம் வேறொரு பிரதியில் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் தாழ்வாரத்து நிழலில் படத்தைத் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், செல்போனை நேர்மேலே பிடித்து எடுக்கலாம்.

கறுப்புத்தாள் ஆல்பத்தில் ஒட்டிய படத்தையும், ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். முகம் உரிந்து வந்துவிட்டால் திரும்ப ஒட்டவே முடியாது.

ஒட்டாத படமாக இருந்தால் பின்னட்டையைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் படத்தைச் செல் அரிக்க ஆரம்பித்ததால்தான் கழற்றினோம். உள்ளே மடித்து வைத்த 1958-ஆம் வருஷத்துச் செய்தித்தாள் இருந்தது. "அப்போ படம் 1958" என்று அப்பாவே சொல்லிவிட்டார். செய்தித்தாள் சொல்வது சட்டம் போட்ட காலத்தை மட்டும்தான். படம் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம். தாளுக்கு அடியில், படத்தின் அட்டையிலேயே, பென்சிலில் இரண்டு சொற்கள் இருந்தன: "தாது, தை".

படி 2: ஒவ்வொருவருக்கும் எண் போடுங்கள்

அச்சிட்ட நகலில் பின்வரிசை இடமிருந்து வலம், அப்புறம் நாற்காலி வரிசை, மடிக் குழந்தைகள், கடைசியாகத் தரையில் இருப்பவர்கள் என்று வரிசையாக எண் போடுங்கள். எங்கள் படத்தில் மடிக் குழந்தை 7. ஓரமாக நின்ற பன்னிரண்டு வயதுப் பையன் 4. அவனை "யாரோ பங்காளி வீட்டுப் பையன்" என்று விட்டிருந்தார்கள். தரையில் உட்கார்ந்த சின்னப் பெண் 9. இனி போனில் பேசினாலும் கடிதத்தில் எழுதினாலும் "நாலாம் நம்பர் யாரு?" என்றே கேளுங்கள். "ஓரத்தில் நிற்கிறவர்" என்றால் ஆளுக்கு ஒரு ஓரத்தைப் பார்ப்பார்கள்.

மூலப் படத்தின் முகத்தில் புள்ளி வைப்பது, பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது இரண்டும் வேண்டாம். எழுத்து முன்பக்கம் மேடு தட்டி நிற்கும்.

படி 3: காலத்தைக் கட்டுங்கள்

"தாது" என்றால் என்ன வருஷம்? தமிழ் ஆண்டுகள் அறுபது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். தாது 1876-லும் 1936-லும் 1996-லும் சித்திரையில் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அது 1876-இல் தொடங்கியது. எங்கள் படம் 1996 அல்ல என்பது பார்த்தாலே தெரியும். 1876-இல் பூட்டன் பிறந்திருக்கவே மாட்டார். அப்படியானால் 1936-இல் தொடங்கிய தாது. தை மாதம் என்பதால் ஆங்கிலக் கணக்கில் 1937 ஜனவரி அல்லது பிப்ரவரி. இந்தக் கடைசிக் கணக்கில் பலர் சறுக்குகிறார்கள்: தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் மாறுவதால் தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். கையெழுத்தில் ௧, ௩, ௯ போன்ற தமிழ் எண்கள் இருந்தால் அவற்றையும் பொறுமையாகப் படியுங்கள்.

இப்படிக் கையெழுத்து கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காத படத்துக்கு வேறு தடயங்கள் உண்டு.

ஸ்டூடியோ முத்திரையை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. "மதராஸ் 17" போல ஊர்ப்பெயரோடு ஓரிரு இலக்க எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. "தமிழ்நாடு" என்று மாநிலப் பெயர் அச்சாகியிருந்தால் 1969-க்குப் பிறகு என்று எடுத்துக்கொள்ளலாம். கொழும்பு ஸ்டூடியோ முத்திரையில் நாட்டின் பெயர் சிலோன் என்றிருந்தால் பெரும்பாலும் 1972-க்கு முன். ரங்கூன் முத்திரை இருந்தால் 1942-ஐ மனத்தில் வையுங்கள். அந்த வருஷம் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. அதற்குள் கூட்டங்கூட்டமாக நம்மவர்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள்.

படத்தாளின் பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். "இந்து" என்ற பெயர் தெரிந்தால் அது ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தாள். அங்கே உற்பத்தி தொடங்கியது 1967-இல். சதுரமான சின்னப் பிரிண்ட், அதுவும் வீட்டுத் திண்ணையிலோ கோயில் வாசலிலோ எடுத்தது என்றால், 120 பிலிம் போடும் பெட்டிக் கேமராவை நினையுங்கள். ஆக்ஃபா கிளிக் 3 போன்றவை அந்த வகை; ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படம். கனமான அட்டையில் ஒட்டி, கீழே ஸ்டூடியோ பெயரைப் பொன்னெழுத்தில் அச்சிட்ட படம் என்றால் பெரும்பாலும் அதைவிடப் பழையது. 4.25 அங்குலத்துக்கு 6.5 அங்குலம் அட்டையாக இருந்தால் 1866-க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய கேபினெட் அளவு. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் அச்சான தேதியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். கேமராவில் தேதியைச் சரியாக வைத்தவர்கள் குறைவு.

ஆடை நகை பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேமராவில் போட்ட கண்ணாடிப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பை உணராதவை. நீலத்தை அளவுக்கு மீறி உணர்பவை. அதனால் குங்குமமும் அரக்குச் சேலையும் கறுப்பாக விழும்; வெளிர்நீலச் சேலை வெள்ளையாகவே தெரியும். "வெள்ளைச் சேலை, அப்போ புருஷன் இறந்த பிறகு எடுத்தது" என்று முடிவு கட்டும் முன் தாலி, பொட்டு, வளையல், மெட்டி, பூ எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த ஒரு தவறால் உயிரோடு இருந்த தாத்தாவின் இறப்பு ஆண்டையே முன்னால் தள்ளிவிடுவோம்.

இடவலம் மாறிய படமும் உண்டு. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்துவிடுவார்கள். பெண்களின் முந்தானை எல்லாம் வலத்தோளில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் சில சமூகங்களில் வலத்தோள்தான் வழக்கம் என்பதால், ஆண்களின் சட்டைப் பொத்தான் பக்கத்தையும் கைக்கடிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மச்சம், தழும்பு, நெற்றி வகிடு எல்லாம் பின்னால் சாட்சி சொல்லப்போகிறவை.

படி 4: வயதுக் கணக்கு

குழந்தைகள்தான் கடிகாரம். நாற்பது வயதுக்காரரா ஐம்பது வயதுக்காரரா என்று படத்தில் சொல்ல முடியாது. ஒரு வயதா நான்கு வயதா என்று சொல்லலாம். அதனால் முதலில் குழந்தைகளுக்கு வயது மதிப்பிடுங்கள். பிறகு ஒரு தாளில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் பிறந்த வருஷம், திருமண வருஷம், இறந்த வருஷம் மூன்றையும் தெரிந்த மட்டில் எழுதி, படம் எடுத்த வருஷத்தில் யார் உயிரோடு இருந்தார்கள், என்ன வயது, ஊரில் இருந்தார்களா, வெளிநாட்டிலா என்று ஒவ்வொரு வரியாக அடியுங்கள்.

அய்யாவின் ஜாதகத்தில் ரக்தாட்சி வருஷம் என்று இருந்தது. அது 1924 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டு. 1937 தையில் அவருக்குப் பன்னிரண்டு வயது. மடியில் இருந்த குழந்தைக்கு இரண்டு வயதுகூட இருக்காது. அங்கேயே எங்கள் வீட்டுக் கதை உடைந்தது. பங்காளி வீட்டுப் பையன் என்று ஒதுக்கி வைத்த நாலாம் நம்பருக்குத்தான் பன்னிரண்டு வயது.

இந்தக் கணக்குக்கு மிகவும் உதவுவது, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும், சாவுப் படங்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் உறவுகள் நிற்க எடுத்த படங்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. சிலவற்றில் மூடிய கண்ணின் மேல் பிற்பாடு தூரிகையால் விழி வரைந்திருப்பார்கள். அமங்கலம் என்று எரித்துவிடாதீர்கள். இறந்த தேதி கருமாதிப் பத்திரிகையிலோ திதிக் கணக்கிலோ கிடைத்துவிடும். அந்தச் சட்டகத்துக்குள் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தவர்கள். அதில் அடையாளம் தெரிந்த முகங்களை வைத்து மற்றப் படங்களைத் திறக்கலாம்.

படி 5: உட்கார்ந்த வரிசை

மூத்தவர்களுக்கு நாற்காலி, மகன்களும் மருமகன்களும் பின்னால், மருமகள் மாமியாருக்குப் பின்னால், பிள்ளைகள் ஜமுக்காளத்தில் என்பது பொது வழக்கம். புதுமணத் தம்பதி என்றால் வயதைத் தாண்டி நடுவே உட்காருவார்கள். குழந்தையை வைத்திருப்பவர் அதன் தாய் என்று நினைக்காதீர்கள்; பெரும்பாலும் பாட்டி மடியில்தான் போட்டிருப்பார்கள். வரிசை ஒரு குறிப்பு மட்டும். அதை வைத்தே பெயர் எழுதக் கூடாது.

படி 6: பெரியவர்களிடம் கேட்பது

இதைத்தான் முதலில் செய்ய ஓடுவோம். இவ்வளவு தயாரிப்புக்குப் பிறகு செய்தால்தான் பலன். அதே நேரம் தள்ளியும் போடாதீர்கள். தொண்ணூறு வயது சாட்சி அடுத்த பொங்கலுக்கு இருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். கூடத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டால், குரல் பெரிதாக உள்ளவர் சொன்னதை மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். பெயரை நீங்கள் முதலில் எடுத்துக் கொடுக்காதீர்கள். "இது பெரிய தாத்தாதானே?" என்றால் "ஆமா" என்பதுதான் பதில். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். நாற்காலியைப் பார்த்து "இது நம்ம வீட்டு நாற்காலி இல்லையே, டவுனுக்குப் போயி எடுத்தாப்ல இருக்கு" என்பார்கள். அட்டிகையைப் பார்த்து "இதை அடகு வச்சுத்தான் மச்சு கட்டினாங்க" என்பார்கள். அந்தப் பேச்சில் தானாக வரும் பெயருக்கு மதிப்பு அதிகம். அனுமதி கேட்டுக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

உறவுப் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். "பெரியப்பா" என்பது அப்பாவின் உடன்பிறந்த அண்ணனாகவும் இருக்கலாம், மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியாகவும் இருக்கலாம். "சித்தி" அம்மாவின் தங்கையா, அப்பாவின் இரண்டாம் மனைவியா? ஒவ்வொரு பெயருக்கும் "அவங்க அப்பா அம்மா யாரு? எந்த ஊர்ல கட்டிக் குடுத்தது?" என்று கேளுங்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அதனால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் வரும். இரண்டு மகன்களும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருந்தால் ஒரே வயதில் ஒரே பெயரில் இரண்டு பேர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது பட்டப்பெயர்தான்: பர்மாக்காரர், மேலவீட்டார், நெட்டையர். பட்டப்பெயரைக் கேட்டு வாங்குங்கள். அதோடு, அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரை வைத்த மகனைக்கூட வேறு பெயரில்தான் கூப்பிடுவார்கள். அப்பத்தா "அவுக" என்று மட்டும் சொன்னால் மறதி என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்தில் ஒரு பேத்தியை உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அவர் தலையாட்டுவார்.

கடைசியாக, தவறாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "நீங்க பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா?" எங்கள் அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவர் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததே 1945-இல். படம் எடுத்தபோது அவர் இங்கே இல்லை. சுவரில் இருந்த குழந்தையைப் பார்த்துத் தன் கணவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். படத்தில் இருந்தவர்களில் மிச்சம் இருந்தது ஒரே ஒருவர்: ஒன்பதாம் நம்பர், அப்பாவின் அத்தை. அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. நகலைக் கையில் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது உங்க அய்யா இல்லப்பா. உங்க அய்யா இந்தா ஓரத்துல நிக்குது. இது எனக்கு அடுத்துப் பிறந்தது. அந்த வருஷமே அம்மை போட்டுப் போயிருச்சு. ஆத்தா அப்புறம் இந்தப் படத்தைப் பாக்கவே மாட்டா."

படி 7: தாளில் தேடுவது

வாய்ச்சொல்லுக்கு ஆவணம் தேடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் வம்சாவளிக்குப் பொக்கிஷம்; இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பன் பெயர், ஊர், பலவற்றில் வயதும்கூட இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் வில்லங்க விவரங்கள் இணையத்தில் 1975 முதல் கிடைக்கும். அதற்கு முந்தியது இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் இருக்கின்றன. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு, எந்த வருஷம் எந்த வீடு யார் தலைமையில் இருந்தது என்று காட்டும்.

பெண்களைத் தேடும்போது பத்திரங்கள் ஏமாற்றும். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்த சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதற்கு முந்திய பாகப்பிரிவினைகளில் மகள் பெயரே பெரும்பாலும் இராது. அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, சீர் எழுதிய சிட்டை, ஜாதகக் கட்டு ஆகியவற்றைப் பாருங்கள்.

திரைச்சீலையும் பூந்தொட்டியும் மட்டும் தெரிகிற, ஸ்டூடியோ பெயர் இல்லாத படத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் திரட்டியது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் நடந்த வேலை அது. ஒரே திரை, ஒரே நாற்காலி வேறு படத்திலும் தெரிந்தால் ஊர் புலப்படும்.

படி 8: இப்போது முகம்

காது மடலின் வடிவம், மடல் கன்னத்தோடு சேர்கிற விதம், புருவ எலும்பு, மோவாய்க் குழி ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உடல் பருமனையும் மீசையையும் விடுங்கள். தென்மாவட்டப் பாட்டிகளுக்குப் பாம்படம் போட்டு நீண்ட காது இருப்பதால், அவர்களிடம் மடலைப் பார்த்துப் பயனில்லை. கையில் குத்திய பச்சையைப் பாருங்கள். செல்போனில் முகங்களைத் தானாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. அது அண்ணனையும் தம்பியையும், அப்பாவையும் மகனையும் ஒன்றாக்கிவிடும். நாம் தேடுவதோ ஒரே ஜாடை உள்ளவர்களை. அதனால் அதைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நம்பருக்கு இடப்புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு. அய்யாவின் அறுபதாம் கல்யாணப் படத்தில் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கிறது. இத்தனை வருஷம் இரண்டு படமும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தன.

படி 9: எழுதி வைப்பது

ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர், உறவு, பிறந்த வருஷம், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதுங்கள். பக்கத்தில் உறுதி, அநேகமாக, ஊகம் என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ஊகத்தை உறுதி என்று எழுதி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டால் அப்புறம் திருத்தவே முடியாது. பத்து வீடுகளில் அச்சடித்து மாட்டிவிடுவார்கள். தெரியாத இடத்தில் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். பிறகு வருபவர் அங்கிருந்து தேட ஆரம்பிப்பார். பெயர் எழுதியிருந்தால் தேடவே மாட்டார்.

ஏழாம் நம்பரின் பெயருக்காகப் பிறப்புப் பதிவேட்டையும் தேடிப் போனேன். 1899-ஆம் ஆண்டின் மதராஸ் சட்டத்தின்படி கிராமங்களில் முன்சீப்புகள் எழுதிய பதிவேடுகள் அவை. இரண்டு மூன்று நடைக்குப் பிறகு பக்கம் கிடைத்தது. 1935, பூட்டன் பெயர், ஊர், "பெண்" என்று ஒரு சொல். பெயருக்கான இடம் காலி. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். அப்பாவின் அத்தையிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "பாப்பான்னுதாம்பா கூப்பிடுவோம்" என்றார்.

இப்போது அந்தப் படத்தின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தாளில் இப்படி இருக்கிறது:

7. அய்யாவின் கடைசித் தங்கை. பிறப்பு 1935. பெயர் தெரியவில்லை, வீட்டில் பாப்பா. உறுதி. சொன்னவர்: இதே படத்தில் 9.